பரக்கத்து ட்ரம்

வாலிநோக்கத்தில் என் அக்கா மாஷிதாவின் வீட்டுக்காரர் இஃப்திகார் மச்சானிடம் குழாய் என்று சொல்லிவிடாதீர்கள். "பைப்பிங்" என்று திருத்துவார். குவைத்தில் ஒரு ஜூஸ் கம்பெனியில் குழாய் மாட்டிவிட்டு வந்தவர். ஊரில் யார் வீட்டில் தண்ணீர் சொட்டினாலும் கூப்பிடாமலே போய் நிற்பார்.

மகள் ஜுவைரியாவின் நிக்காஹ் வந்தது. பெண்கள் பந்தலுக்குள் ஆண்கள் சர்பத் வாளியோடு போய்வர வேண்டாமே என்று மனுஷன் ஒரு திட்டம் போட்டார். மோட்டார் தண்ணீர் ஒரு குழாயில், ட்ரம்மிலிருந்து எலுமிச்சை பிழிந்த நன்னாரிப் பாகு இன்னொன்றில். இரண்டும் வழியில் கலந்து, திரைக்கு அந்தப் பக்கம் சர்பத்தாகக் கொட்டும். பந்தக்கால், முருங்கை மரம், ஆட்டுக்கொட்டில் எல்லாவற்றையும் சுற்றிக் குழாய் போனது.

"இம்புட்டு வளைவு எதுக்கு மச்சான்?"

"ஏலே, குவைத்துக்காரனுக்கே பாடம் எடுக்கிறியா?"

உள்ளுக்குள் அவருக்குப் பயம்தான். மாப்பிள்ளையைப் பெற்ற உம்மா, உம்மு ஹபீபா, ரொம்பக் கறார் என்று கேள்வி. முதல் டம்ளரிலேயே அவர் முகம் சுளித்தால், மகள் காலமெல்லாம் பேச்சு வாங்க வேண்டுமே!

நிக்காஹ் முடிந்ததும் மோட்டாரைப் போட்டார். திரைக்குள்ளிருந்து சேதி வந்தது: "சம்பந்தியம்மா ரெண்டாவது டம்ளர் கேக்குறாக!" மச்சான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அதைவிட அதிசயம், ட்ரம்மில் பாகு குறையவே இல்லை. பார்க்கப் பார்க்க ஏறியது.

"மாஷா அல்லாஹ், அள்ள அள்ளக் குறையாத பரக்கத்து!" என்றார் பெரியவர் அலியார். நாலு பேர் வந்து ட்ரம்மைத் தொட்டுக்கூடப் பார்த்துவிட்டார்கள்.

ட்ரம் நிரம்பி வழிந்த பாகில் என் புதுக் கைலி நனைந்தது. விரலால் தொட்டு நக்கினேன். சப்பென்று இருந்தது.

"பரக்கத்தாவது ஒண்ணாவது! வளைவுல முட்டுன தண்ணி பாகுக் குழாய் வழியா ட்ரம்முக்குள்ள ஏறுது மச்சான்! பாகு இறங்காம அங்கன போறது வெறுந்தண்ணி!"

அவருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "திரும்பாமத் தடுக்குற வால்வை மாட்டலையேலே" என்று முனகிக்கொண்டே மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரையருகே ஓடினார்.

"சம்பந்தி, நீங்க குடிச்சது வெறுந்தண்ணி. தப்பு எம்மேல. புள்ளைய ஒண்ணும் சொல்லிராதீக." எனக்கே பாவமாக இருந்தது.

"டம்ளரைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு" என்றது உள்ளிருந்து உம்மு ஹபீபாவின் குரல். "உங்க மக பக்கத்துல உக்காந்து என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அதான் நல்லாருக்குன்னு சொல்லி இன்னொண்ணும் வாங்கிக் குடிச்சேன்."

அவரே மேலும் சொன்னார்:

"அடுத்த தடவ வாரப்ப கையால கலக்கிக் குடுங்க சம்பந்தி. மருமகளுக்காக இதுக்கு மேல தண்ணி குடிக்க வயித்துல எடமில்ல."