லைன் அக்கா பாடாத மூன்று மாதம்

அந்தச் சட்டைத் தையல் கம்பெனியில் நாற்பது மெஷின் ஓடும் இரைச்சலையும் மீறிக் கேட்கிற ஒரே மனிதக் குரல் லைன் அக்காவுடையது. மூன்றாவது லைனுக்கு, அதாவது மூன்றாவது மெஷின் வரிசைக்கு, அவள்தான் மேற்பார்வை. எங்காவது காலர் கோணலாக வந்தால், இந்தக் கோடியில் நின்றபடியே அந்தக் கோடிக்குச் சத்தம் கொடுப்பாள். எட்டாவது மெஷின்காரி நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒன்பதாவதும் பத்தாவதும் எதற்கும் இருக்கட்டும் என்று தங்கள் காலரையும் பிரித்துவிடுவார்கள். அப்படி ஒரு தொண்டை.

ஞாயிற்றுக்கிழமை அதே தொண்டை சபைக்குப் போகும். டயர்க்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சபையில் கீபோர்டு, டிரம்ஸ் எதுவும் கிடையாது. ஆண்டவரைப் பாட அவர் கொடுத்த வாயே போதும் என்பது அவர்கள் கொள்கை. ஆனால் அறுபது பேர் ஒன்றாகப் பாட, யாராவது சுதி பிடித்து எடுத்துக் கொடுக்க வேண்டுமே! பத்தொன்பது வருஷமாக அதைச் செய்தவள் லைன் அக்கா.

அவளுடைய கூடப் பிறந்த தம்பியோ, நகரத்தின் மறுபக்கத்தில் ஒரு பெரிய சபையில் கீபோர்டு வாசிப்பவன். அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தால் கை கழுவும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"தாவீது ராஜா சுரமண்டலம் வாசிச்சாரா இல்லையா?"

"ஆட்டையும் மாட்டையும்தான் பலி கொடுத்தாரு. வர்ற ஞாயித்துக்கிழமை கீபோர்டோட ஒரு ஆட்டையும் இழுத்துட்டுப் போ."

"துணைக்கு ஒண்ணு இருந்தா ஜனங்க தைரியமாப் பாடுவாங்கக்கா."

"பாட மாட்டாங்கடா. வாயை மூடிட்டு அது பாடுறதக் கேட்டுட்டு இருப்பாங்க. எல்லார் குரலும் ஆண்டவருக்குப் போகணும். அதுக்கு மேல ஒண்ணு ஏறி உக்காந்து அமுக்கக் கூடாது."

ஸ்கூல் வேன் ஓட்டும் அவள் கணவர் இரண்டு தட்டையும் நகர்த்தி வைப்பார். "சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க, இல்ல சண்டை போட்டுட்டுச் சாப்பிடுங்க. எனக்கு வண்டி எடுக்கணும்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் லைன் அக்காவுக்குக் குரல் கரகரத்தது. வெந்நீர் குடித்துப் பார்த்தாள், ஆவி பிடித்துப் பார்த்தாள். ஒரு மாதமாகியும் தேறவில்லை. டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "குரல் நாண்ல சின்னதா ரெண்டு முடிச்சு. எடுத்துடலாம், பயமில்ல. ஆனா மூணு வாரம் பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. மூணு மாசத்துக்குக் கத்துறதும் இல்ல, பாடுறதும் இல்ல" என்றார்.

ஆபரேஷன் முடிந்தது. கம்பெனியில் துணிக்குக் குறி போடும் சாக்கட்டியை எடுத்துக்கொண்டாள். வெட்டிய அட்டையில் எழுதிக் காட்டினாள்: 'நாலு, உன் தையல் விலகுது.' லைன் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. எட்டாவது மெஷின்காரிதான் கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, நீங்க எழுதிக் காட்டினா கை நடுங்காம தைக்க வருது." வீட்டில் கணவருக்குக் கொண்டாட்டம். "கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்துல நான் ஒரு பேச்சை முழுசா முடிச்சது இதான் முதல் தடவை" என்றார். 'ரொம்பச் சந்தோஷப்படாதீங்க' என்று எழுதிக் காட்டினாள்.

சபையில்தான் திண்டாட்டம். முதல் ஞாயிறு, சபையை நடத்தும் மூப்பர் பாட்டை எடுத்தார். எடுத்த உயரத்துக்கு இரண்டாவது வரியிலேயே பெண்களுக்கு மூச்சு முட்டியது. ஆண்கள் பாதியில் கைவிட்டார்கள். அடுத்த வாரம் ஜாக்கிரதையாகக் கீழே எடுத்தார். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல இருந்தது. ஆராதனை முடிந்ததும் ஒருவர் யோசனை சொன்னார்.

"சுதி சொல்ற சின்ன ஊதல் ஒண்ணு வாங்கிடலாம். ஒரு தடவை ஊதிட்டு சட்டைப்பையில போட்டுக்கலாம்."

"ஊதினா அது வாத்தியம்தானே?"

"பாட்டுக்கு முன்னாலதான ஊதுறோம், பாட்டுக்குள்ளயா?"

எல்லாரும் லைன் அக்காவைப் பார்த்தார்கள். அவள் 'கூடாது' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

மூன்றாவது ஞாயிறு, வழக்கம் போலப் பாட்டு நாலு திசையில் சிதறியபோது, பின்னாலிருந்து ஒரு குரல் அவள் காதில் விழுந்தது. மெல்லிய குரல். ஆனால் ஒரு இம்மி விலகாத சுதி. திரும்பிப் பார்த்தாள். டயர்க்கடைக்காரர் மனைவி! பதினோரு வருஷமாக நாலாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள். ஒரு நாளும் அவள் பாடிக் கேட்டதே இல்லையே?

படியிறங்கும்போது அவளை நிறுத்தி எழுதிக் காட்டினாள்: 'இத்தனை நாள் ஏன் பாடல?'

அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "நீங்க பாடும்போது நான் பாடினா யாருக்குக்கா கேக்கும்? வாயை மட்டும் அசைப்பேன். உங்க பாட்டக் கேட்டுட்டு இருந்தாலே போதும்னு இருக்கும்."

லைன் அக்காவுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் அட்டையை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். 'அந்தச் சபையில நான்தான் கீபோர்டு.'

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. சும்மா இருப்பாரா? மச்சானுக்குப் போன் போட்டுவிட்டார். தம்பி சாயந்தரமே வந்து நின்றான்.

"அப்ப ஒத்துக்கிட்டியாக்கா?"

'இல்ல. வாத்தியம் கூடாதுன்னு இன்னும் உறுதியாச்சு. அது நானா இருந்தாலும்.'

தம்பி அதை இரண்டு தடவை படித்தான். கேலி செய்யத்தான் வந்திருந்தான். ஆனால் மெதுவாக வேறு பேச்சு எடுத்தான். "உங்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல. கடைசிச் சரணத்துக்கு நான் கையை எடுத்துருவேன். அப்பதான் யாரு நிஜமாவே பாடுறாங்கன்னு தெரியும். சில வாரம் நல்லா இருக்கும். சில வாரம் எங்க குருவானவர் குரல் மட்டும் தனியாக் கேக்கும்." லைன் அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் வரக் கூடாதே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் டயர்க்கடைக்காரர் மனைவியைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தாள். "ஐயோ, எனக்கு வராதுக்கா" என்று அவள் பின்வாங்கினாள். மூப்பருக்கு ஆளைக் கண்டதும் உயிர் வந்தது. "எடும்மா, எடு" என்றார். முதல் சொல் நடுங்கியது. இரண்டாவது வரிக்கு அறுபது பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். எடுத்தது தாங்கக்கூடிய சுதி என்பதால், வருஷக்கணக்கில் வாயசைத்தவர்களெல்லாம் பாடினார்கள். கீழே டயர் மாற்ற வந்த ஒருவர் படியேறி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று மாதம் முடிந்து டாக்டர் அனுமதி கொடுத்த ஞாயிறு, மூப்பர் அவளை முன்னால் கூப்பிட்டார். "அவளே எடுக்கட்டும்" என்று டயர்க்கடைக்காரர் மனைவியைக் காட்டிவிட்டு, லைன் அக்கா நாலாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அடக்கித்தான் பாடினாள். மூன்றாவது சரணத்தில் தன்னை மறந்து குரல் ஏறியபோது, கணவர் முழங்கையால் ஒரு இடி இடித்தார்.

அன்றைக்குத் தம்பியும் தன் சபையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். கை இரண்டுக்கும் வேலை இல்லாமல், எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து பாடினான். சுதி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

"ஏண்டா, உனக்குப் பாட வராதா?" படியில் நின்று கேட்டாள் லைன் அக்கா.

"வந்திருந்தா நான் ஏன் கீபோர்டு கத்துக்கப் போறேன்?"

"பரவால்ல. அடுத்த மாசமும் வா."