பத்து மாத அட்வான்ஸ்

உலகத்தில் எந்த ஊரானாலும் குடிவருகிறவன் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் பால் காய்ச்சுவான் என்பதில் பத்ரிநாராயணனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. டெலிபோன்ஸில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டி, சென்னை அஸ்தினாபுரத்தில் கீழும் மேலுமாக வீடு கட்டியவர். மாடிக்கு வந்த அட்வான்ஸில்தான் போர்வெல் போட்டார், மகள் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டினார். ஒருவர் காலி செய்தால் அடுத்தவரிடம் வாங்கித் திருப்பிவிடுவார்.

அந்தப் பழக்கத்தோடுதான் ஜார்ஜியா நாட்டில், பத்தூமி என்ற கடலோர ஊரில், வாடகைக்கு விட ஒற்றை அறை ஃபிளாட் வாங்கினார். பிஎஃப் பணம் போனது. மனைவி நாகலக்ஷ்மியின் வளையல்கள் அடகுக்குப் போயின. மாடியில் குடியிருக்கும் டீச்சர் அபிகாயில் கொடுத்திருந்த ஒன்றரை லட்சமும் போனது. சாவி வாங்கும்போது கட்ட வேண்டிய கடைசித் தவணை இரண்டரை லட்சத்துக்கு மட்டும் அவர் கவலைப்படவில்லை. அங்கே வாடகை இருபத்தையாயிரம். பத்து மாதத்துக்குக் கணக்குச் சரியாக இருந்தது.

பத்தூமியில் இருக்கும் ஏஜென்ட் கிரீஷ் மேடவாக்கத்துக்காரன். வீடியோ காலில் சிரித்துவிட்டான்.

"அங்கிள், இங்க டெபாசிட் ஒரு மாசம்தான். பத்து மாசம் கேட்டா ஆளு ஓடிடுவான்."

"ஒரு மாசமா? அவன் சுவரை இடிச்சுட்டுப் போனா?"

"அத விடுங்க. முப்பதாம் தேதிக்குள்ள கட்டலைன்னா புக்கிங் கேன்சல். கட்டினதுல பாதிதான் திரும்ப வரும். அதுவும் எப்பன்னு தெரியாது."

அதே வாரம் அபிகாயில் படி இறங்கி வந்தாள். கணவனுக்கு ஓசூருக்கு மாற்றல். "இருபத்தெட்டாம் தேதி காலி பண்றோம் சார். அங்க ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ் குடுத்தாத்தான் சாவிங்கறார்."

"பார்க்கலாம்மா" என்றார். கடன் கேட்கக் கூப்பிட்டால் மச்சினன் போனை எடுக்கவில்லை. கூடப் பணியாற்றியவர்கள் எடுத்தார்கள், சர்க்கரை அளவைப் பற்றிப் பேசினார்கள்.

கடைசியில் புரோக்கர் தயாளனைக் கூப்பிட்டார்.

"இன்னா சார், நீங்க இருக்கற வூட்டையா வாடகைக்கு வுடப் போறீங்க?"

"கீழ அட்வான்ஸ் கூட வரும். நாங்க மாடிக்குப் போயிடறோம்."

"மாமிக்கு முட்டி வலின்னீங்களே?"

"பார்ட்டி இருக்கா, இல்லையா?"

இருந்தது. இருபத்தெட்டாம் தேதி காலை கீழ்வீட்டு அட்வான்ஸ் இரண்டு லட்சத்து இருபதாயிரம் ரொக்கமாக வந்தது. சேமிப்புக் கணக்கையும் சுரண்டினால் பத்தூமிக்குக் கட்டிவிடலாம். பணத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

நாகலக்ஷ்மி வாசலில் நின்றாள். "எங்க கிளம்பறேள்?"

"பேங்குக்கு."

"மேல அந்தப் பொண்ணு சாமான் கட்டிண்டிருக்கா. லாரி வந்துடும்."

"அவகிட்ட ஒரு மாசம் டைம் கேட்டுக்கறேன். உன் வளையலே அங்கதான்டி இருக்கு. இதைக் கட்டலைன்னா பாதி போயிடும்."

"போகட்டும். அது நம்மது. இது அவ பணம்."

"எனக்கு அறுபத்தஞ்சு வயசு, நாகு. இனிமே நான் எங்க போய் சம்பாதிப்பேன்?" குரல் உடைந்தது. அவளுக்கும் கண் கலங்கியது. ஆனால் வாசலை விட்டு நகரவில்லை.

தெருமுனையில் லாரி திரும்பும் சத்தம் கேட்டது. பத்ரிநாராயணன் செருப்பைக் கழற்றினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார்.

அபிகாயில் அட்டைப்பெட்டி மேல் வைத்து எண்ணினாள். "சரியா இருக்கு சார்."

"இன்னொரு தடவை எண்ணிப் பாரும்மா" என்றார்.