பதினேழாம் நம்பர் லைன்

போன மாதம் வால்பாறைப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் முப்பத்தாறு டெலிபோன்களும் ஒரே காலையில் ஊமையாகிவிட்டன. மழைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். மழை இல்லை... நான்தான்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டர் என்னைப் படுத்தும் பாட்டைச் சொல்வேன், நீங்கள் சிரிப்பீர்கள். சிலர் கார்டுகூடப் போடுவீர்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பீளமேட்டில் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன கம்பெனி நடத்துகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த எஸ்டேட்டுக்கு உள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செய்து கொடுத்தோம். ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர். அதிலிருந்து ஃபாக்டரி, டிஸ்பென்சரி, மலை உச்சித் தோட்டமான மேல் டிவிஷன் என்று முப்பத்தாறு லைன். ப்ரோக்ராம் எழுதியது நான். மொழியின் பெயர் எர்லாங். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காகவே ஸ்வீடன்காரர்கள் உருவாக்கியது. இப்போதுதான் இன்டர்நெட்டில் இலவசமாக விட்டிருக்கிறார்கள். நம் ஊர் லைனில் அதை இறக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இதில் ஒவ்வொரு போனுக்கும் ஒரு ப்ராசஸ் உண்டு. அந்த ஒரு போனை மட்டும் கவனித்துக்கொள்ளும் வேலையாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். முப்பத்தாறு பேரும் ஒருவர் வேலையில் ஒருவர் தலையிடாமல் ஒரே சமயத்தில் ஓடுவார்கள். மேலே ஒரு சூப்பர்வைசர். ஓடுகிற ஆள் விழுந்தால் தூக்கி நிறுத்துவார். ஆனால் ஆரம்பிக்கும்போது மட்டும் ஆள் படு கறார்! ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எழுப்புவார். நடுவில் ஒருவன் எழ மறுத்தால் போச்சு – அதுவரை எழுந்தவர்களையும் அனுப்பிவிட்டுத் தானும் கிளம்பிவிடுவார்.

எழுவதா, மறுப்பதா? அதை முடிவு செய்வது ப்ரோக்ராம் எழுதியவன். 'உன் லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் எழுந்திருக்காதே' என்று எழுதி வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு! நான் வளர்ந்தது பம்புசெட் பட்டறையில். ஒரு லாட்டில் ஒரு பம்பு ஒழுகினால்கூட மொத்த லாட்டையும் லாரியில் ஏற்ற விடமாட்டார் அப்பா. கோயமுத்தூர்ச் சரக்கு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் ஊறிப்போயிருந்தது. எஸ்டேட் மேனேஜரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "முப்பத்தாறும் சரியா இருந்தாத்தானுங்க இது எந்திரிக்கும். அரைகுறை வேலையே கெடையாதுங்க."

அவரும் தலையாட்டினார்.

எக்ஸ்சேஞ்சை ஓடவிட்டுப் பார்க்க நான் சில நாள் எஸ்டேட்டிலேயே தங்கியிருந்தேன். அன்று காலை எட்டரைக்கு மரம் விழுந்து கரண்ட் போனது. ஒன்பதரைக்கு வந்தது. கம்ப்யூட்டர் எழுந்தது, எக்ஸ்சேஞ்ச் எழவில்லை. திரையில் ஒரே ஒரு வார்த்தை – 'ஷட்டவுன்'. ஏன் ஷட்டவுன்? அதைச் சொல்லவில்லை. மறுபடி ஓட்டினேன். மறுபடி ஷட்டவுன்.

அப்போதுதான் நனைந்த குடையோடு டிஸ்பென்சரி நர்ஸ் உள்ளே வந்தார். ஸ்டெல்லா சிஸ்டர். அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

"ஏனுங்க சார், போன் எப்ப வருமுங்க? டிரைவர் பழனிச்சாமி சம்சாரம் மரகதத்துக்கு விடியக்காலைல இருந்து வலிங்க. கொழந்த குறுக்கால கெடக்குது. இங்க வெச்சுப் பாக்க முடியாதுங்க, பொள்ளாச்சிக்குக் கொண்டு போகோணும். ஜீப்பு மேல் டிவிஷன்ல நிக்குது. அவருதான் ஓட்டிட்டுப் போயிருக்காரு... அவருக்கே இன்னும் தெரியாதுங்க."

"பத்து நிமிஷம் குடுங்க சிஸ்டர். சரி பண்ணிப்போடறேன்" என்றேன்.

எந்தத் தைரியத்தில் சொன்னேன்? கோளாறு எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் வாயில் அதுதான் வந்தது. நம் தொழிலில் எல்லோர் வாயிலும் அதுதான் வரும்.

டெலிபோன் ஒயர்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கார்டு இடியில் வெந்திருக்கும் என்று நினைத்து, கம்ப்யூட்டரைத் திறந்து அதைக் கழற்றி மாட்டினேன். ஷட்டவுன். மேஜைமேல் இருந்த போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை ஓட்டினேன். ஒரு நொடி டயல் டோன் வந்தது, உடனே செத்தது. டோன் வந்ததென்றால் கார்டு நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அது மண்டையில் ஏறவில்லை. கார்டை இரண்டாம் முறை கழற்றினேன்.

சிஸ்டர் வாசலில் நின்றுகொண்டே இருந்தார். "ஆயிருமுங்களா?" என்றார்.

"ஒரு பத்து நிமிஷமுங்க."

டிஸ்பென்சரிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "சார்... வாட்ச்மேன வேணா நடந்து போகச் சொல்லட்டுங்களா?"

மேல் டிவிஷனுக்கு ஏற்றத்தில் ஒரு மணி நேர நடை. அதற்குள் நான் முடித்துவிட மாட்டேனா? "அவரு போய்ச் சேர்றதுக்குள்ள போனே வந்துருமுங்க சிஸ்டர்" என்றேன். மூன்றாவது பத்து நிமிஷம்.

அவர் என்னை நம்பினார். படித்தவர், கோயமுத்தூரிலிருந்து வந்திருக்கிறார், சரியாகத்தான் சொல்வார் என்ற நம்பிக்கை. பத்தே முக்காலுக்குத்தான் மனது கேட்காமல் வாட்ச்மேனை அனுப்பினார். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் சங்கடப்படுவேன் என்று நினைத்திருப்பார்.

எனக்கு உறைத்தபோது மணி பதினொன்றே முக்கால். சூப்பர்வைசர் கிளம்புமுன் முழுக் காரணத்தையும் எழுதிவைத்துவிட்டுத்தான் போகிறார்! அந்த நீள ரிப்போர்ட் திரையை அடைக்கிறது என்று நானே அதை ஒரு ஃபைலுக்குத் திருப்பி விட்டிருந்தேன், மறந்தும் போயிருந்தேன். திறந்தேன். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக நாலைந்து. எல்லாவற்றுக்கும் உள்ளே, கடைசியில், ஒரு சின்ன வரி: பதினேழாம் லைன், பதில் இல்லை.

பதினேழு எது தெரியுமா? கெஸ்ட் ஹவுஸ். பூட்டிப் பல மாதமாகிறது. காலையில் விழுந்த மரம் அதன் ஒயரையும் அறுத்திருக்கிறது. யாரும் எடுக்காத ஒரு போனுக்காக, மற்ற முப்பத்தைந்தையும் என் ப்ரோக்ராம் ஊமையாக்கிவிட்டது. நான் சொன்னபடியே, சுத்தமாக.

'முதலில் எழுந்துவிடு, லைனை அப்புறம் தேடிக்கொள்' என்று இரண்டு வரி மாற்றினேன். ஐந்து நிமிஷ வேலை. எக்ஸ்சேஞ்ச் எழுந்தது. உடனே மேல் டிவிஷனுக்குப் போட்டேன்.

"ஜீப்பு இப்பத்தானுங்க கெளம்புச்சு. வாட்ச்மேன் வந்து சொன்னாப்பலைங்க" என்றது மறுமுனை.

மழையில், அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஜீப் பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தது. மரகதம் பிழைத்துக்கொண்டார். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டாக்டர்.

மறுநாள் சிஸ்டர்தான் டிஸ்பென்சரி போனிலிருந்து இதைச் சொன்னார். லைன் ரொம்பத் தெளிவாக இருந்தது. எனக்கு ரிசீவரை வைக்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. தயாராக இல்லாமல் 'தயார்' என்று சொல்லக் கூடாது என்று முப்பத்தாறு ப்ராசஸுக்குப் பாடம் எழுதியவன் நான். அதே காலையில் மூன்று தடவை அதைத்தான் செய்தேன். ப்ரோக்ராமில் பிழை இருந்தது வாஸ்தவம். ஆனால் போன் இல்லாமலே ஜீப் வந்திருக்கும். சிஸ்டர் முதல் தடவை கேட்டபோது 'தெரியலீங்க' என்று நான் சொல்லியிருந்தால், அந்த நிமிஷமே வாட்ச்மேன் நடந்திருப்பார். அவரைப் பிடித்து நிறுத்தியது என் பத்து நிமிஷம். இப்படிப் பத்துப் பத்தாக எத்தனை பேரை உட்கார வைத்திருக்கிறேனோ... யார் கண்டது?

ஐந்தாம் நாள் ஊருக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட ஜீப் வந்தது. ஓட்டி வந்தவர் பழனிச்சாமி. என் பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்தார். வேறு யாராவது வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன், வெட்கமாக இருந்தது. பாதி வழியில் நானே எல்லாவற்றையும் சொன்னேன். பதினேழாம் லைன், என் பத்து நிமிஷங்கள், ஒன்று விடாமல்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "அப்ப, எவ்வளவு நேரமாகும்னு உங்களுக்கே தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க."

ஒரு வளைவில் ஜீப்பைத் திருப்பினார். குரல் உயரவே இல்லை.

"அத அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா, நாங்க வேற வழி பாத்திருப்போமுங்க."