இலக்கிய வகுப்புக்கு வந்த அம்மா

சனிக்கிழமை காலையில் பாரோயில் உள்ள என் வீட்டிலிருந்து காரை எடுக்கும்போதே எனக்குக் களைப்பாக இருக்கும். வாரம் முழுக்க மொழி வகுப்பு, நன்னெறி வகுப்பு, கணினியில் மதிப்பெண் ஏற்றும் வேலை. அதெல்லாம் முடிந்த பிறகு இலக்கியம். லுக்குட் பக்கம் இருக்கும் எங்கள் இடைநிலைப்பள்ளியின் கால அட்டவணையில் தமிழ் இலக்கியத்துக்கு இடமில்லை. விரும்பி எடுக்கும் படிவம் ஐந்து, அதாவது பள்ளி இறுதி ஆண்டு மாணவர்களுக்கு, விரும்பி வரும் ஆசிரியர் விடுமுறை நாளில் சொல்லித்தர வேண்டும். என் விருப்பம் வெறும் பழக்கமாகிப் பல காலம் ஆகியிருந்தது.

அந்த ஆண்டு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். நாவலைத் திறந்தாலே முகம் வாடிவிடும்.

"டீச்சர், குறிப்பு மட்டும் குடுங்க லா. கதைய யாராச்சும் யூடியூப்ல போட்டிருப்பாங்க, கேட்டுக்கறோம்."

முன்பெல்லாம் இதற்குக் கோபம் வரும். இப்போது வருவதில்லை. நாவலில் வரும் தங்கையின் பாத்திரப்படைப்பு, அண்ணனின் பாத்திரப்படைப்பு என்று வெண்பலகையில் எழுதிப்போடுவேன். அவர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.

அவர்களில் ஒருத்தி செம்பனைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து வருபவள். அவள் அம்மா மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து விடுவார். போர்ட்டிக்ஸனில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் அவருக்கு மதிய ஷிப்ட். செம்பனைக் காட்டு வழியாக வீட்டுக்குப் போய் மறுபடியும் திரும்பிவருவது வீண் அலைச்சல் என்று பள்ளி வாசலிலேயே நிற்பார். ஒருநாள் நல்ல மழை. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். தலையைத் துவட்டிக்கொண்டு கடைசி மேசையில் உட்கார்ந்தார். அடுத்த வாரம் மழை இல்லை. அப்போதும் வந்து உட்கார்ந்தார்.

பரம்பரை வீட்டைத் தங்கைக்குத் தெரியாமல் விற்றுவிடுகிறான் அண்ணன். அதற்குப் பிறகு ஒரே தெருவில் குடியிருந்தும் அவள் அவனோடு பேசுவதில்லை. அதுதான் நாவல். அந்தப் பேசாமையை 'பொறுமை' என்று பலகையில் எழுதினேன். விடைத்தாளில் மதிப்பெண் வாங்கித் தரும் சொல் அது.

பின்னாலிருந்து குரல் வந்தது. "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. அது பொறுமையா? அவளுக்குப் பேசவே பிடிக்கல. நான் எங்க அண்ணன்கிட்ட பேசாமதான் இருக்கேன். எனக்கு ஒரு பொறுமையும் கெடையாது."

"மா, மாலு லா, வெக்கமா இருக்கு, சும்மா இரும்மா," என்றாள் மகள், முகத்தை மூடிக்கொண்டு.

ஆனால் ஒரு பையன் திரும்பி, "அப்ப ஏன் ஆன்ட்டி அவ அந்தத் தெருவ விட்டுப் போகல?" என்று கேட்டான். "அவ ஏன் போகணும்? அவன் போகட்டும்," என்றார் அம்மா. வகுப்பு சிரித்தது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் பலகையில் எழுதியதை அழித்தேன்.

ஜூன் விடுமுறை முடிந்ததும் மகள் வரவில்லை. அம்மா மட்டும் வந்தார்.

"அவளுக்குக் கணக்கியல் டியூஷன் இந்த நேரத்துலதான் டீச்சர். இலக்கியத்த விட்டுட்டா. அத வச்சு என்ன பண்றதுன்னு கேக்குறா, எனக்குச் சொல்லத் தெரியல." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் மட்டும் உக்காரலாமா? கதை பாதியில நிக்குது," என்றார்.

உட்காரச் சொன்னேன். படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவர். விரலை வைத்து, உதடு அசைய, மெதுவாக வாசிப்பார்.

சில வாரங்கள் கழித்துத் துணைத் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். வெளியாள் வகுப்பில் உட்காரக் கூடாது, ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று மலாயில் அன்பாகத்தான் சொன்னார். ஆளும் குறைந்துவிட்டது, ஓய்வுபெறும் வயதில் சனிக்கிழமையாவது வீட்டில் இருக்கலாமே என்றும் சொன்னார். அவர் சொன்னபோது எனக்கு வருத்தம் வரவில்லை. உடம்பு லேசானதுபோல இருந்தது. அதுதான் பிறகு உறுத்தியது.

அடுத்த சனிக்கிழமை வாசலிலேயே அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"ரூல்ஸ்னா ரூல்ஸ்தானே டீச்சர். பரவால்ல," என்று ஹெல்மெட்டை மாட்டியவர், மறுபடியும் கழற்றினார். "கடைசிப் பாகத்துல சில வார்த்தை புரியல. அத மட்டும்..."

அன்று வகுப்பு முடிந்ததும் லுக்குட்டில் ஒரு பட்டறைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். பட்டறையில் யாரோ மோட்டாரை முறுக்கிச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயும்போதெல்லாம் அவர் வாசித்தார். ஏதாவது சொல்லில் தடுமாறினால் நான் எடுத்துக்கொடுத்தேன். அண்ணன் படுத்த படுக்கையாகிவிடுகிறான். தங்கை கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போகிறாள். நாவல் அங்கே முடிகிறது.

அவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வெற்றுத்தாள்.

"இவ்ளோதானா? போய்ட்டாளா?"

"போய்ட்டா."

"பைத்தியக்காரி," என்றார். கண் கலங்கியிருந்தது. "இத்தன வருசம் வீம்பா இருந்துட்டு. கஞ்சிய வேற யாரும் வைக்க மாட்டாங்களா?"

பிள்ளைகளிடம் சொல்வதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. மன்னிப்பு, குடும்ப உறவின் மேன்மை. அவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "எனக்கும் பிடிக்கல," என்றேன். இத்தனை ஆண்டுகளில் எந்த வகுப்பிலும் நான் அப்படிச் சொன்னதில்லை.

மீதியிருந்த மாணவர்கள் தேர்வு எழுதினார்கள். சுமாராகத்தான் செய்தார்கள். ஆன்ட்டியோடு வாக்குவாதம் செய்த பையன் மட்டும் தங்கை கஞ்சி கொண்டுபோனது தவறு என்று எழுதிவிட்டு வந்து, மதிப்பெண் போய்விடுமா டீச்சர் என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். அந்த மகள் செரம்பானில் கணக்கியல் படிக்கிறாள். அம்மாவை ஒருமுறை சந்தையில் பார்த்தேன். அண்ணனோடு பேசினீர்களா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. "வேற கதை இருக்கா டீச்சர்? இதவிடக் கொஞ்சம் நல்லா முடியுறதா," என்றார். என் வீட்டில் கிடந்ததில் ஒன்றை அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இந்த ஆண்டு வகுப்பில் ஆள் இன்னும் குறைவு. நிறுத்திவிடலாமா என்று துணைத் தலைமையாசிரியர் மறுபடியும் கேட்டார். இன்னும் ஓராண்டு பார்க்கலாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.