பூசாத மூலையும் சர்க்கார் வட்டியும்

வீடு கட்டுகிறவனுக்கு ஒரு வீட்டுக் கவலை. வீடு கட்டும் சங்கத்து ஓவர்ஸியருக்கு ஊரிலுள்ள அத்தனை வீட்டுக் கவலையும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் உத்தமபாளையத்தில் அப்படி ஒரு சங்கம் இருந்தது, அதில் நான் ஓவர்ஸியர். பால்காரர், வாத்தியார், சேவகர் என்று சொற்ப வருமானத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு மனையைச் சர்க்கார் சும்மா கொடுக்கும். கட்டுவதற்குச் சங்கம் கடன் கொடுக்கும். அந்தக் கடனுக்கு வட்டியில் பாதியைச் சர்க்காரே ஏற்றுக்கொள்ளும். அஸ்திவாரம், சுவர், கூரை, பூச்சு என்று ஒவ்வொரு கட்டத்தையும் நான் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அடுத்த தவணை வெளியே வரும்.

ஒரு பக்கம் சர்க்கார், இன்னொரு பக்கம் ஜனங்கள், நடுவில் ஓட்டை சைக்கிளோடு நான். இப்படி நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்ட உத்தியோகஸ்தர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

முதலில் குடியேறினது யார்?

முதல் வரிசை வீடுகளில் ஒன்று பால்காரச் சங்கிலியினுடையது. அஸ்திவாரத் தவணை வாங்கிப் போனவர் ஒரு மாதமாக ஆளையே காணோம். நேரில் போய்ப் பார்த்தேன். மனையின் பின்பக்கம் நல்ல கல் தரையும் புது ஓட்டுக் கூரையுமாக ஒரு கட்டடம் நின்றது. பரவாயில்லையே, சொன்னதற்கு மேலேயே கட்டிவிட்டாரே என்று சந்தோஷமாக உள்ளே எட்டிப் பார்த்தால், இரண்டு எருமைகள் என்னைத் திரும்பிப் பார்த்தன. வீடு இருக்கவேண்டிய இடத்தில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டின பள்ளம் மட்டும் இருந்தது. அதன் ஓரத்தில் தென்னங்கீற்றை நாலு பக்கமும் சாய்த்து, அதற்குள் சங்கிலியின் குடும்பம் சோறு பொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மனுஷன் குடியிருக்கத்தான் சர்க்கார் உதவி செய்கிறது, எருமைக்கு இல்லை என்று ஒரு பிரசங்கமே செய்தேன். சங்கிலி முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நான் நனைஞ்சா ரெண்டு நாள் காய்ச்சலோட போயிரும். மாடு நனைஞ்சு சீக்கு வந்துருச்சுன்னா, கடனுக்கு நீங்க யாருகிட்டய்யா வந்து நிப்பீக?"

முதலாளியின் ஆட்சேபம்

எங்கள் சங்கத்துக் கமிட்டியில் ஓர் ஏலக்காய் வியாபாரி இருந்தார். ஊரில் எல்லாரும் அவரை முதலாளி என்றே கூப்பிடுவார்கள். ஊருக்கே அழகான மாடி வீடு அவருடையது. கெட்ட மனுஷர் இல்லை. கோயிலுக்கும் மசூதிக்கும் கேட்காமலே கொடுப்பவர். ஆனால் ஒருத்தன் சொந்த வீடு கட்டச் சர்க்கார் உதவுவது என்றால் மட்டும் அவருக்கு வேப்பங்காய். "நான் மலைக்கு மூட்டை சுமந்தவன்யா. எனக்கு எந்தச் சர்க்கார் வட்டி கட்டுச்சு?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பார். கட்டவில்லை என்பது உண்மைதானே.

சங்கிலி வீடு உட்பட முதல் வரிசை வீடுகள் முடிந்து இரண்டாவது வரிசைக்கு மனுக்கள் வந்திருந்த சமயம். மதுரையிலிருந்து ஓர் ஆபீசர் வந்து, கட்டின வீடுகளைப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு உதவியா இல்லையா என்று முடிவாகும் என்று தகவல் வந்தது. தன் ஆட்சேபத்தை முன்பே மதுரைக்கு எழுதிப் போட்டிருந்த முதலாளிக்கு ஒரே குஷி. நானும் கூட வருகிறேன் என்றார். எழுந்து போகும்போது என் தோளைத் தட்டிச் சொன்னார்: "குடுக்கிறதக் குடுங்கய்யா. ஆனா சும்மா வந்த வீட்டுல சுவரு விரிஞ்சா, எவனும் மண்ணக் குழைக்க மாட்டான். உக்காந்து இன்னொரு மனு எழுதுவான்."

பஞ்சு வந்தால்

இரண்டாவது வரிசைக்கு மனுப் போட்டவர்களில் பேச்சியம்மாள் குடும்பமும் ஒன்று. புருஷன் லோயர் கேம்ப்பில் கால்வாய் லஸ்கர். மடை காவல் உத்தியோகம், வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவார். வீடு என்று நான் சொல்வது பஞ்சுப் பொதி அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியின் மூலை. ராத்திரி காவலுக்கு ஆள் இருந்தமாதிரி இருக்கும் என்று கிட்டங்கிக்காரர் வாடகை இல்லாமல் விட்டிருந்தார்.

மனுவை விசாரிக்கப் போனபோதுதான் முழு விவரம் தெரிந்தது. மாசி பிறந்ததும் பஞ்சுப் பொதி வந்து இறங்கும். அடுப்பு, சட்டி, மூன்று பிள்ளைகள் எல்லாம் முற்றத்துக்குப் போய்விட வேண்டும். பொதி போய்ச் சேரும்வரைக்கும் தட்டி மறைப்புக்குள்தான் குடித்தனம். பஞ்சுத் தூசியில் கடைசிக் குழந்தைக்கு இருமல் நின்றபாடில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. எத்தனை அடிக்கு எத்தனை அடி வேண்டும் அம்மா என்று, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை: "சின்னதா இருந்தாலும் போதுங்கய்யா. மாசி வந்தா எந்திரிச்சுப் போன்னு யாரும் சொல்லாத வீடா இருக்கணும்."

ஆபீசர் கண்ணில் பட்டது

ஆனி மாதத்தில் ஆபீசர் வந்தார். இளவயசு, சோழநாட்டுக்காரர், பூட்ஸ் போட்ட காலால் தரையைத் தட்டிப் பார்க்கிற ரகம். முதல் வீட்டில் எல்லாம் திருப்தி. கொல்லைப்பக்கம் போனவர் நின்றுவிட்டார். சுவரின் ஒரு மூலையில் சாண் அகலத்துக்குப் பூச்சு இல்லாமல் செங்கல் தெரிந்தது. அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும். சங்கிலி வீட்டுக்கு வரும்போது அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. "பூச்சுக்குக் கடைசித் தவணை கொடுத்தாயிற்று. வேலை முடிந்தது என்று நீர் சொல்லியிருக்கிறீர். இது என்ன?" என்று என்னைக் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் வீட்டை முழுக்க முடிக்க மாட்டார்கள். வீட்டு வேலை முடிந்தால் கட்டினவன் ஆயுசும் முடிந்தது என்று ஒரு பயம். அதனால் எங்கேயாவது ஒரு சாண் இடத்தைப் பூசாமல் விட்டுவிடுவார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற சங்கதி. அதைப் போய் எடுத்துச் சொல்லவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இப்போது திக்கித் திணறிச் சொன்னேன். ஆபீசர் காதில் ஏறவில்லை. இன்றைக்கே பூசி முடித்தால் ஆயிற்று, இல்லாவிட்டால் முடியாத வீடுகள் என்று எழுதிவிடுவேன், இரண்டாவது வரிசை கிடையாது என்றார். கொத்தனாரைக் கூப்பிட்டனுப்பினோம். கொத்தனார் வந்தார், வீட்டுக்காரர்கள்தான் சுவரை மறைத்துக்கொண்டு நின்றார்கள். சங்கிலி எருமையையே கொண்டுவந்து மூலையை அடைத்துக் கட்டிவிட்டார்.

கூட்டத்தில் பேச்சியம்மாளும் நின்றாள். இந்த வீடுகள் நன்றாக இருந்தால்தான் தனக்கு வீடு என்று அவளுக்குத் தெரியும். ஆபீசர் அவளைக் கூப்பிட்டு, "உனக்கு வீடு கொடுத்தால் நீயாவது முழுக்கப் பூசுவாயா?" என்று கேட்டார். பூசுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் பின்னாலிருந்து தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டிக் காட்டினேன். அவள் என்னையும் பார்த்தாள், இடுப்பில் இருமிக்கொண்டிருந்த குழந்தையையும் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பூசிருவேன்யா. நீங்க பாத்துட்டு மதுர பஸ் ஏறுனதும், ஒரு சாணு கொத்தி விட்டுருவேன்."

மாடி வீட்டுப் படிக்குப் பின்னால்

ஆபீசர் முதலாளி பக்கம் திரும்பினார். "நீங்கள் எழுதியது சரிதான். பாதியில் விட்டுவிடுகிற ஜனங்களுக்கு எவ்வளவு கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. சொந்தக் காசு போட்டிருந்தால் இப்படி விடுவார்களா?" என்றார். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன். முதலாளி நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் மனுஷர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். அங்கவஸ்திரத்தை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றார்.

காபிக்கு முன்னால் ஆபீசரை நேரே மாடிப்படிக்குக் கூட்டிப்போனார். படிக்குப் பின்னால், வெள்ளை வெளேரென்ற சுவரில் ஒரு சாண் அகலத்துக்குச் செங்கல். "ஒத்த ரூபா சர்க்கார் காசு இந்த வீட்டுல இல்ல. எல்லாம் நான் மூட்டை சுமந்து கட்டினது. இதையும் முடியாத வீடுன்னு எழுதிக்கிருங்க, பாப்போம்" என்றார். ஆபீசர் சுவரைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிப் பார்த்து, முடியாமல் சிரித்தேவிட்டார். ஏலக்காய் தூக்கலாகப் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே, வீடுகள் யாவும் திருப்தி, இரண்டாவது வரிசைக்கு உதவலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, நீங்கள்தான் காப்பாற்றினீர்கள் என்று முதலாளியிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்: "வட்டி குடுக்கிறது தப்புத்தான்யா, நாளைக்குக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். அதுக்காக எங்கூர் ஆளுக வேலைய முடிக்கத் தெரியாதவகன்னு சொன்னா, கேட்டுக்கிட்டு நிக்க முடியுமா?"

மாசி பிறந்தது

பேச்சியம்மாள் வீட்டுக்குத் தை மாதத்தில் பால் காய்ச்சினார்கள். ஓர் அறை, ஓர் அடுப்படி, கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் தாழ்ப்பாள். லஸ்கர் லீவு போட்டுவிட்டு வந்து, வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதவைத் திறந்து மூடிக் காட்டினார். முதலாளியும் வந்தார். சர்க்கார் உதவி ஜனங்களைக் கெடுத்துவிடும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தார்.

மாசி பிறந்து ஒருநாள் காலையில் சைக்கிளில் அந்தப் பக்கம் போனேன். கம்பம் ரோட்டில் பஞ்சு வண்டிகள் வரிசையாகக் கிட்டங்கிக்குப் போய்க்கொண்டிருந்தன. பேச்சியம்மாள் தன் வாசற்படியில் குழந்தையோடு உட்கார்ந்து, கோயில் தேர் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு இருமலைக் காணோம். இந்த வருஷம் பஞ்சு அதிகமோ என்று கேட்டேன். அவள் எழுந்து நின்று சொன்னாள்: "நல்ல வெள்ளாமையாம்யா. வரட்டும், எம்புட்டு வேணும்னாலும் வரட்டும்."

சொற்ப வருமானக்காரன் வீடு கட்டச் சர்க்கார் உதவலாமா, கூடாதா என்று என்னைக் கேட்டால், தாராளமாக உதவலாம், ஒரு சாண் இடத்தை மட்டும் கண்டுகொள்ளாமல் போகத் தெரிந்த ஆபீசராகப் பார்த்து அனுப்பினால் போதும் என்பேன்.