கம்ப்யூட்டர் பார்த்த முழங்கால்: பரளச்சியிலிருந்து மதுரைக்கு

அம்மாவின் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. அருப்புக்கோட்டை மருத்துவ முகாமில், மதுரை ஆஸ்பத்திரி ஆள் சொன்னார்: "கம்ப்யூட்டர் வச்சு மூட்டை மாத்துறோம்மா, முடி அளவு பிசகாது. மொளகாக் காட்டுல குத்தவச்சுக் களையெடுப்பீக." அம்மாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். போன செவ்வாய்க்கிழமை கிளம்பினோம்.

ஆனால் கம்ப்யூட்டர் என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் நம்பிக்கையில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் பெட்டியும் வயருமாக வந்து எங்கள் நிலத்தில் நீரோட்டம் பார்த்தார். திரையில் நீலக் கோடு காட்டினார். அறுநூறு அடி போர் போட்டோம். புழுதிதான் வந்தது. அதற்குள் அவர் போயிருந்தார்.

பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு முக்கால் மணி நேரம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. படிதான் உயரம், பின்னாலிருந்து தாங்க வேண்டும். அங்கிருந்து மதுரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். பாளையம்பட்டி தாண்டும்போது அம்மா கேட்டாள், "ஏத்தா, மிஷினு தானா அறுக்குமா?"

எனக்கு முன் கண்டக்டர் முந்திக்கொண்டார். "ஆமாக்கா, டாக்டரு டீ குடிக்கப் போயிருவாரு."

அம்மா சிரிக்கவில்லை.

மதுரையில் டாக்டர் திரையைத் திருப்பினார். ஸ்கேனிலிருந்து வரைந்த எலும்பு. அதன் குறுக்கே நீலக் கோடு. அம்மா என் கையைக் கிள்ளினாள். பஸ்ஸில் மனப்பாடம் செய்த கேள்விகளை நான் தொடங்குமுன் அவளே கேட்டாள்.

"இது தப்பாச் சொன்னா?"

"எங்க வெட்டணும், எவ்வளவு வெட்டணும்னு இது அளந்து காட்டும். வெட்டுறது நான்தாம்மா. சரியாப் படலேன்னா நிறுத்திருவேன்."

"இது இருந்தா மூட்டு கூட நாளு உழைக்குமா?"

"அளவு துல்லியமா வரும். கூட எத்தனை வருசம்னு எனக்குத் தெரியல."

"குத்தவச்சுக் களையெடுக்கலாம்ல?"

"கூடாது. நல்லா நடக்கலாம், பஸ் ஏறலாம். குத்தவைக்கக் கூடாது."

"ஒங்க ஆளுதான எடுக்கலாம்னாரு?"

டாக்டர் முகம் மாறியது. "அவர் சொன்னது தப்பும்மா."

திரும்பும்போது டீக்கடையில், "வேணாம்னு வச்சிருவமா?" என்றேன்.

"பண்ணிக்கிறேன். தண்ணி பாக்க வந்தவரு ஒருதரங்கூடத் தெரியலன்னு சொல்லல. இவுக சொல்றாகள்ல."

"களை?"

"நீளக் காம்பு போட்ட களைவெட்டி ஒண்ணு வாங்கிக் குடு. நின்னுக்கிட்டே வெட்டிப் பாக்குறேன்."

எனக்குச் சந்தேகம் முழுதும் தீரவில்லை. கம்ப்யூட்டருக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். நீங்களும் போவதாக இருந்தால், காப்பீட்டில் அது சேருமா என்று எழுதி வாங்குங்கள். பழைய எக்ஸ்ரேயை மறக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எதையெல்லாம் செய்யக் கூடாது என்று முதலில் கேளுங்கள். எல்லாமே செய்யலாம் என்று பதில் வந்தால், அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேருங்கள்.