ஏஜெண்டின் கார் வெக்கை ஊதியது

என் புருஷன் றிஸானை ஏறாவூரில் எல்லோரும் நல்ல பிள்ளை என்பார்கள். நல்ல பிள்ளை என்றால் வாய் திறக்காதவர் என்று அர்த்தம். தன் வாப்பா சொன்னதற்குத் தலையாட்டினார், கத்தாரில், டோகாவில் கராஜ்காரன் சொன்னதற்குத் தலையாட்டினார், போன மாதம் என் கூடப்பிறந்த மூத்தவர், காக்காவுக்கும் ஆட்டினார். அந்தக் கடைசி ஆட்டத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

டோகாவில் வருஷக்கணக்காகக் கார் ஏசி திருத்தியவர். மகள் பிறந்ததையும் பார்க்கவில்லை, அவளுக்குப் பல் முளைத்ததையும் பார்க்கவில்லை. போன நோன்புக்கு வந்தபோது கேஸ் அளக்கிற கேஜ், ஸ்பேனர் சாவிக்கூட்டம், வெறும் கேஸ் சிலிண்டர் என்று சாமான்களோடு வந்து நின்றார். இனிப் போகமாட்டார் என்று நினைத்தேன். வாசல் வேப்பமரத்தின் கீழே தகரம் போட்டு வேலையும் தொடங்கினார். கார்கள் ஒன்றிரண்டு வந்தன, அவ்வளவுதான். அதற்குள் காக்கா வந்துவிட்டார். எங்கள் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று, வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடில்லாமல் கல்யாணம் ஏது?

"மச்சான், இன்னம் ஒருக்காப் போய்த்து வாங்க" என்றார் காக்கா. இவர் தலையாட்டினார். காக்கா அன்றைக்கே இவருடைய பாஸ்போட்டைக் கொண்டுபோய், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்ட் முகைதீன்பாவாவின் கையில் கொடுத்துவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? ஏஜெண்டின் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "விசா வேல நடக்குது புள்ள, இனித் திருப்பித் தர ஏலா" என்றார். கறுப்புப் பை ஒன்று எப்போதும் அவருடைய கக்கத்தில் இருக்கும். ஊரில் பாதிப் பேருடைய தலைவிதி அதற்குள்தான். வீட்டுக்கு வந்து இவரிடம் கத்தினேன். அதற்கும் தலையாட்டினார். என்ன மனுஷனோ!

பிறகு ஒரு நாள் காலையில் முகைதீன்பாவா தானாகவே வந்தார். காரை விட்டு இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"தம்பி, விசா வந்திட்டு. நாளைக்குக் கொழும்புல மெடிக்கல். இன்னம் மூணு பேர் நம்மளோட வாறாங்க. ஆனா கார் ஏசி வெக்கை ஊதுது. கொஞ்சம் கேஸ் அடிச்சு விடு."

"ஓடக்குள்ளயும் வெக்கையா, நிப்பாட்டினா மட்டுமா?" என்று இவர் கேட்டார்.

"ஓடினாக் கொஞ்சம் குளிருது. நிப்பாட்டினா அடுப்பு. மூணு எடத்துல கேஸ் அடிச்சிட்டன்."

இவர் கேஜை மாட்டிப் பார்த்தார். "நான் கேஸ் அடிக்க மாட்டன் ஹாஜி. கேஸ் கூடிப்போய்த்து. வெக்கை வெளிய போக வழியில்லாம நிக்குது."

மாட்டேன் என்ற சொல் இவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன்.

கூடின கேஸை வெறும் சிலிண்டருக்குள் இறக்கினார். முன்பக்க பம்பரைக் கழற்றி வேப்பமரத்தில் சாய்த்தார். எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டரின் மேல் ஆணிகளை இளக்கிப் பின்னுக்குச் சரித்தார். அதற்கு முன்னால் நிற்கிற, வெக்கையை வெளியே விடுகிற ஏசிக் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கையை விட்டு இழுத்தார். அல்லாஹ்வே! சாக்குத் துண்டு மாதிரி ஒன்று உரிந்து வந்தது. நெல்லுச் சப்பிப் பதர், வைக்கோல் தூசி, பூச்சிச் சிறகு, எல்லாம் சேர்ந்து இறுகிக் கிடந்தன.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அறுவடைக் காலத்தில் செங்கலடி தொடங்கி மாங்கேணி வரைக்கும் றோட்டோரமெல்லாம் நெல் காயும். அந்தப் பாதைகளில் ஆள் பிடிக்க அலைந்த கார் இது. எந்த வீட்டில் கஷ்டம் இருக்கிறதோ அந்த வாசலில் போய் நிற்கும். நின்ற இடத்துத் தூசியெல்லாம் உள்ளே போய் ஏறிவிட்டது.

"முன்னுக்கிருந்து தண்ணி அடிச்சுக் கழுவி, இருந்ததையும் உள்ளுக்குத் தள்ளிட்டாங்க" என்றார் இவர். பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டு, மெல்லிய தகடு மடியாமல் பிரஷ்ஷால் தடவித் தடவிக் கழுவினார். ரேடியேட்டரை மறுபடி இறுக்கினார். பம்பர் மட்டும் மிச்சம்.

"கெதியாப் பூட்டு தம்பி, பயணம் இரிக்கி."

பம்பர் ஆணிகள் ஒரு பால்மா டின்னுக்குள் கிடந்தன. நான் டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"பாஸ்போட்ட எடுங்க ஹாஜி. அதுக்குப் பொறகுதான் பூட்டுவாரு."

அவருடைய முகம் கறுத்தது. "றிஸான், ஒன்ட பொஞ்சாதிக்குப் புத்தி செல்லு!"

டின்னை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஏஜெண்டுக்குப் பயந்து அல்ல. இவர் இப்போதும் தலையாட்டிவிட்டால் நான் என்ன செய்வேன்? இவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அவ செல்றது சரி ஹாஜி. கூலி வேணாம். பாஸ்போட்டத் தாங்க. எனக்குப் போக விருப்பமில்ல. முந்தியும் இரிக்கல்ல."

"அப்ப மச்சினிச்சிக்கு வீடு? ஆரு கட்டுற? ஒன்ட மச்சானுக்கு நான் என்ன செல்ற?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. ராத்திரிகளில் படுத்துக்கொண்டு நினைத்ததுதான், வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

"இது என்ட வாப்பா எனக்குத் தந்த வீடு. நடுவுல சுவர் எழுப்பிப் பாதியத் தங்கச்சிக்குக் குடுக்கிறன். காக்காக்கிட்ட அப்படியே செல்லுங்க. என்ட வீட்டப் பிரிப்பன், என்ட புருஷனப் பிரிக்க மாட்டன்!"

முகைதீன்பாவா பம்பரைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பையைத் திறந்தார். பாஸ்போட்டை இவர் வாங்கவில்லை. என் பக்கம் கண்ணைக் காட்டினார். நான் வாங்கிக்கொண்டு டின்னை நீட்டினேன்.

பம்பர் ஏறியது. அளந்து கேஸைச் சரி செய்து எஞ்சினை ஓட விட்டார். நின்ற இடத்திலேயே நின்று கார் குளிர் ஊதியது. முகைதீன்பாவா கையை வைத்துப் பார்த்தார். கோபம் போகாத முகத்தோடேயே கண்ணாடியை இறக்கினார்.

"நமக்குத் தெரிஞ்ச ரெண்டு வேன் இப்படித்தான் வெக்கை ஊதுது. ஒன்ட நம்பரத் தா."

"நம்பர் எதுக்கு ஹாஜி?" என்றார் என் புருஷன். "வீட்டுக்கு வரச் செல்லுங்க. நான் இங்கதான் இரிப்பன்."